வாசலில் கோலம் இல்லாத ஞாயிறு

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழேகாலிலிருந்து எட்டரை வரை, எங்கள் தெருவைப் பொறுத்தவரை என் மனைவி இறந்துபோயிருந்தாள். கொன்றது நான்தான். ஆயுதங்கள்: பத்து பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு வாளி சோப்புத் தண்ணீர், கால் கிலோ சின்ன வெங்காயம். எட்டரைக்கு அவளே தெருமுனையில் வேனை விட்டு இறங்கிவிட்டதால் விஷயம் அத்தோடு முடிந்தது. முடிந்தது என்று நான் சொல்கிறேன். அவள் சொல்வதில்லை.

இந்தக் கதையைக் கம்பெனி பஸ்ஸிலும் முடிவெட்டும் கடையிலும் கல்யாணப் பந்தியிலும் பலமுறை சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு நான்கு நிமிடத்தை மட்டும் தாண்டிவிடுவேன். இங்கே தாண்டாமல் எழுதிப் பார்க்கிறேன். வயது ஐம்பத்தொன்று ஆகிவிட்டது, தாண்டுவதற்கும் மூட்டு ஒத்துழைக்கவில்லை.

முதலில் இரண்டு பேருடைய வேலையையும் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. நான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில், காருக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பவன். ஓர் இரும்புத் துண்டை எடுப்பேன், அளப்பேன், சரியில்லையென்றால் சிவப்புப் பெட்டியில் போடுவேன். அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடித்தே இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்கு எப்போதும் மதிய ஷிஃப்ட். ஒன்றரை மணிக்குத்தான் பஸ். ஆகவே காலை நேரம் முழுவதும் என்னுடையது, அதாவது என் தூக்கத்துடையது.

அவள் மாமல்லபுரம் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் ஒரு பெரிய ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங். அறை கூட்டும் வேலைக்குச் சேர்ந்து, பதினான்கு வருடத்தில் சூப்பர்வைசர் ஆனாள். ஒவ்வொரு அறையாகப் போய், படச்சட்டத்தின் மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து, படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை என்று கண்டபிறகு அவள் தலையாட்டினால்தான் அந்த அறைக்கு ஆள் விடுவார்கள். அப்படி நாற்பது அறைக்குத் தலையாட்டிவிட்டு வந்து, எங்கள் வீட்டில் கசங்கிக் கிடக்கிற விரிப்பின் மேல் அதை இழுத்துக்கூட விடாமல் அப்படியே சாய்வாள். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருமே மேஸ்திரி, கூலியாள் கிடையாது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாதத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள். ஹவுஸ்கீப்பிங்குக்கே தலைவியாகப் போடுகிறார்கள். மூன்று மாதம் செய்து பார்ப்பது, பிறகு இரண்டு தரப்புக்கும் சரி என்றால் நிரந்தரம். ஒரே ஒரு சங்கடம், காலை ஐந்து மணி வேன்.

நல்ல கணவன் இந்த இடத்தில் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். பிறகுதான் தெரிந்தது. அப்போது என் வாயிலிருந்து வந்தது, "அப்ப காலைல நாஸ்தா?"

அவள் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. சிவப்புப் பெட்டிக்குப் போகும் துண்டை நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. பயம் வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் சார்ட் பேப்பர் வாங்கப் போனேன். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்கு முன்னாலும் ஒரு போர்டு தொங்கும். இடப்பக்கம் வேலைகள், மேலே ஆட்கள். கட்டத்துக்குக் கட்டம் நான்காகக் கோடு போட்ட ஒரு வட்டம். வேலையே தெரியாதவனுக்கு வெறும் வட்டம். சொல்லிக்கொடுத்திருந்தால் கால் வட்டம் கறுப்பு. கூட ஆள் நின்றால் செய்வான் என்றால் அரை. தனியாகச் செய்வான் என்றால் முக்கால். அடுத்தவனுக்கே கற்றுக்கொடுப்பான் என்றால் முழுக் கறுப்பு. அதையே வீட்டுக்குச் செய்தேன். இருபத்தெட்டு வேலைகள், ஆளுக்குப் பதினான்கு. இதைவிட நியாயம் எங்கே இருக்கிறது என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அவள் அந்தத் தாளை ஒரு அறையைச் சோதிக்கிற மாதிரி மேலிருந்து கீழே படித்தாள். அவள் பெயருக்கு நேராக வாசல், டிபன், மதியச் சாப்பாடு, பாத்திரம், துணி. என் பெயருக்கு நேராக மின்விசிறி துடைத்தல், ஒட்டடை, தண்ணீர்த் தொட்டி கழுவுதல், மொட்டைமாடி நாற்காலிகளைக் கழுவுதல், திரைச்சீலை கழற்றுதல். அவளுடையது எல்லாம் தினம். என்னுடையதில் பாதி மாதத்துக்கு ஒருமுறை, மீதி தீபாவளிக்கு ஒருமுறை.

"சமமாத்தான் கீது," என்றாள். பென்சிலை வாங்கி, டிபன், பாத்திரம், துணி, வாசல் நான்கையும் என் பக்கம் தள்ளினாள். அந்த நேரத்துக்குத் தான் வேனில் இருப்பேன் என்று மட்டும் சொன்னாள். தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் தூங்கிய பிறகு என் வட்டங்களை நானே கறுப்படித்தேன். பாத்திரத்துக்கு முக்கால் போட்டேன். வாசலுக்கு அரை. அதுவரை நான் கோலமாவு டப்பாவைத் திறந்ததுகூட இல்லை. ஆனால் தினமும் தாண்டிப் போகிறேனே, அதற்கு ஒரு மதிப்பு கிடையாதா?

டிபன் எப்படியோ ஓடியது. ரவையைக் கருக்காமல் வறுப்பதற்குள் கார்த்திகை வந்துவிட்டது. பாத்திரமும் வந்தது. வராதது வாசல். எங்கள் வீட்டைத் தவிர தெருவில் இருபத்திரண்டு வீடு. காலை ஐந்தரைக்கு இருபத்திரண்டு வாசலிலும் பெண்கள் தண்ணீர் தெளித்துக் குனிந்திருப்பார்கள். அந்த வரிசையில் ஒரு லுங்கியும் குனிந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன், போர்வையை இழுத்துக்கொள்வேன். இடுப்பு வலி என்றேன். மாவுத்தூள் மூக்குக்கு ஆகவில்லை என்றேன். அவள் விவாதம் செய்யவில்லை. நாலு மணிக்குமுன் எழுந்து, தெரு எழுவதற்குள் வாசல் தெளித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் கோலத்தைப் போட்டுவிட்டு வேனுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். தாளில் என் அரை வட்டம் அப்படியே இருந்தது. அவளுக்குக் குதிகால் வலி ஆரம்பித்தது. காலையில் முதல் பத்து எட்டு முன்பாதத்தில் நடப்பாள். எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். கேட்காத மாதிரி படுத்திருப்பதில் எனக்கு முழு வட்டம் கொடுக்கலாம்.

மார்கழி வந்தது. ஓட்டலில் இரண்டு நாள் கல்யாணம், எல்லா அறையும் நிரம்பி வழிந்தது. வெள்ளியும் சனியும் அங்கேயே தங்கவேண்டும். வெள்ளிக்கிழமை விடியுமுன் பையை மாட்டிக்கொண்டு படுக்கையறை வாசலில் வந்து நின்றாள்.

"திங்கக்கெழம மேனேஜருக்கு பதில் சொல்லணும். இந்த வேல வோணுமா வோணாமான்னு. எனக்கே ஒண்ணும் புரில. ரெண்டு நாள் நான் இல்லாம வூடு எப்டி கீதுன்னு ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன். வூடு சொல்லட்டும்."

நான் போர்வைக்குள்ளிருந்து, வீடு நல்லபடியாகத்தான் சொல்லும் என்றேன்.

"வாசல மறந்துடாத," என்றாள். முன்பாதத்தில் நடந்து போனாள்.

முந்தின நாள் அவள் போனைச் சார்ஜில் போடும்போது நான் பார்த்திருந்தேன். பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன், காரணம் குடும்பச் சூழ்நிலை என்று ஒரு செய்தி அடித்து, அனுப்பாமல் வைத்திருந்தாள். குடும்பச் சூழ்நிலை என்று மரியாதையாக எழுதியிருந்தது என்னைத்தான். பதினான்கு வருடம் குனிந்து நிமிர்ந்து அவள் எட்டிப் பிடித்த இடம், என் லுங்கியின் கூச்சத்தால் போகப்போகிறது என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்தும் திரும்பிப் படுத்தேன்.

சனிக்கிழமைக்கு ஒரு தந்திரம் செய்தேன். வெள்ளிக்கிழமைக் கோலத்தை அழிய விடாமல் காப்பாற்றிவிட்டால் சனிக்கிழமைக் கோலம் தேவையில்லை அல்லவா? மூன்று பூந்தொட்டி, ஒரு ஸ்கூட்டர், இரண்டு செங்கல் வைத்து அணை கட்டினேன். எதிர்வீட்டு அக்கா கண்ணில் பட்டுவிட்டது. அந்த அக்கா அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தெருவுக்கே வருகைப் பதிவேடு எடுப்பவர். இது நேற்றுப் போட்ட கோலமாயிற்றே என்று கேட்டார். அழிக்க மனசு வரவில்லை அக்கா என்றேன். என் சாமர்த்தியத்தை நினைத்து உள்ளே போய்ச் சிரித்தேன்.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு நானே எழுந்துவிட்டேன். குற்ற உணர்ச்சி அலாரத்தைவிடச் சத்தமானது. அவள் வருவதற்குள் எதையாவது பளபளவென்று செய்து காட்டிவிடவேண்டும். என் பட்டியலில் மாதக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தவை மொட்டைமாடி நாற்காலிகள். மகளுடைய சடங்குக்கு வாங்கிய பத்து நாற்காலி. அதன்பிறகு அவை தெருவுக்கே பொதுச் சொத்து. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் எங்கள் வீட்டு நாற்காலிதான் போகும். பத்தையும் இறக்கி, வாசலில் வைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, காய்வதற்காகச் சுவரோரம் வரிசையாகப் போட்டேன். கழுவின தண்ணீரில் வெள்ளிக்கிழமைக் கோலம் மொத்தமும் போய்விட்டது. வாசல் பளிச்சென்று, ஈரமாக, மொட்டையாக இருந்தது.

சரி, விதி வந்துவிட்டது என்று கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். மார்கழி மாதம், எல்லா வாசலிலும் பெரிய பெரிய கோலம், கலர் பொடி, பூசணிப்பூ. ஏழெட்டுப் பெண்கள் இன்னும் குனிந்திருந்தார்கள். டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எல்லாரும் முடித்துவிட்டுப் போகட்டும், அதுவரை சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கலாம் என்று, தட்டோடு வந்து ஈர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன்.

இப்போது தெருவின் கண்ணால் பாருங்கள். மார்கழி மாதத்தில் கழுவிவிட்ட வாசல், கோலம் இல்லை. சாவுக்குப் போகும் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கின்றன. விடிந்தும் டியூப்லைட் எரிகிறது. மூன்று நாளாக அந்த வீட்டுப் பெண்ணை யாரும் பார்க்கவில்லை. அவள் புருஷன் சட்டையில்லாமல், தோளில் ஈரத்துண்டோடு, மூன்று நாள் தாடியோடு, குனிந்து உட்கார்ந்து பொலபொலவென்று கண்ணீர் விடுகிறான். இவன்தான் நேற்று, அவள் கடைசியாகப் போட்ட கோலத்தை அழிக்க மனசு வரவில்லை என்றவன்.

முதலில் மூலைவீட்டுப் பெரியவர் வந்தார். ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் இன்னும் மூன்று பேர். அவர்களும் அப்படியே. இந்த மாதிரி இடத்தில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. வெயிலுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து, நாற்காலி ஈரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். தலையாட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா பிளாஸ்க்கோடு வந்து, என் மடியிலிருந்து வெங்காயத் தட்டை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"நீ ஏன் தம்பி இதெல்லாம் செஞ்சிகினு. நாங்க இல்ல?"

காபியை ஆற்றிக் கையில் கொடுத்தார். வேறொரு பெண் உள்ளே போய் என் பாத்திரங்களைத் துலக்க ஆரம்பித்தாள். இன்னொருத்தி கூட்டினாள். இத்தனை வருடமாக இந்தத் தெருவைத் தப்பாக எடைபோட்டுவிட்டேனே என்று நினைத்தேன். இரண்டே இரண்டு நாள் ஓர் ஆண்பிள்ளை தனியாக வீட்டு வேலை பார்த்ததற்கு எவ்வளவு ஆறுதல், எவ்வளவு மதிப்பு! அவள் இருபது வருடமாகப் பார்க்கிறாள், ஒருத்தர் பிளாஸ்க் கொண்டுவந்ததில்லை என்பதும் கூடவே தோன்றியது. தோன்றினதை ஒரு மிடறு காபியால் உள்ளே தள்ளினேன். காபி நன்றாக இருந்தது.

பெண்கள் கதவோரம் நின்று தணிந்த குரலில் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள்கூட அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை என்றார் ஒருவர். இருட்டில் கோலம் போட்டுவிட்டு ஓடுவாள், காலைக் கெந்திக் கெந்தி நடப்பாள், டாக்டரிடம் போ என்றால் லீவு இல்லை என்பாள் என்றார் இன்னொருவர். "வாழ்ந்தது இன்னா வாழ்ந்துச்சு, வேல செஞ்சுது," என்றார் அக்கா. நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இரண்டாவது டம்ளர் கேட்டேன்.

எட்டேகால் இருக்கும். முனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒரு மாலையோடு வந்தான். என்னைத் தனியாகச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணாத்த, ஐஸ் பொட்டிக்கு சொல்ட்டேன், அரமணில வந்துரும். கடப்பாக்கத்துல அக்காவோட அண்ணனுக்கும் போன் போட்டேன். கெளம்பிட்டாரு. அக்காவ எப்ப கொண்டாராங்க, ஓட்டல் வண்டியிலயா?"

இதுதான் நான் எப்போதும் தாண்டிவிடுகிற இடம்.

வழக்கமாகச் சொல்லும்போது, இங்கே நான் "அட மடையா" என்று கத்துவதாகவும் எல்லாரும் சிரிப்பதாகவும் சொல்லிவிடுவேன். நான் கத்தவில்லை. புத்தியுள்ளவன், இவர்கள் தப்பாக நினைத்திருக்கிறார்கள் என்று யோசிப்பான். பயந்தாங்கொள்ளி வேறுமாதிரி யோசிப்பான். பத்துப் பேர் மாலையோடு வந்து சொன்னால், இவர்களுக்கு ஓட்டலிலிருந்து தகவல் வந்திருக்கிறது, எனக்குத்தான் இன்னும் தெரியாது என்று யோசிப்பான். நான் உள்ளே ஓடினேன். போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. அவள் அண்ணனிடமிருந்து ஏழு அழைப்பு. அவளைக் கூப்பிட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாவது முறை அவசரத்தில் வேறு யாருக்கோ போய்விட்டது.

ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரில் என் சார்ட். அவள் பக்கம் பூராவும் கறுப்பு வட்டங்கள், மேலிருந்து கீழ்வரை, ஒன்று பாக்கியில்லை. அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. குக்கருக்கு மாற்று ரப்பர் எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று தோன்றியது. ஐப்பசியில் நாஸ்தா கேட்ட அதே வாய், அதே மனசு. இரண்டாவதாகத்தான், வெள்ளிக்கிழமை அவள் வாசலில் நின்று அவ்வளவு பேசியபோது நான் எழுந்து உட்காரக்கூட இல்லை என்பது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போர்வையைப் பார்த்தபடி பதில் சொல்லியிருக்கிறேன். இருபது வருடத்தில் அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது ஒரு பொய். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண் குழாயை மூடிவிட்டு, அழுதுவிடுங்கண்ணா என்றாள். வெங்காயம் இல்லாமலே வந்தது.

வெளியே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஓடி வந்தேன்.

எல்லாரும் எழுந்து நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை, அதிலும் அந்தக் குதிகாலை வைத்துக்கொண்டு. பை ஒரு பக்கம் தொங்க, ஓட்டல் சீருடைச் சேலையைப் பிடித்துக்கொண்டு, செருப்பில் ஒன்றை எங்கேயோ விட்டுவிட்டு. பிறகுதான் சொன்னாள். வேனில் தூங்கியிருக்கிறாள், போன் பையின் அடியில். முனையில் இறங்கித் திரும்பினால், தன் வீட்டு வாசலில் கோலம் இல்லை, நாற்காலி போட்டிருக்கிறது, கூட்டம், மாலை. வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான்.

கூட்டம் விலகியது. எதிர்வீட்டு அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் என் முன்னால் வந்து நின்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சமாதானமாக இருந்தால் என்னை "யோவ்" என்பாள், நீ வா போ என்பாள். "நீங்க" என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"நீங்க நல்லாத்தான கீறீங்க?" என்றாள், மூச்சு வாங்க.

தலையாட்டினேன்.

"அப்ப யாரு?"

"நீதான்," என்றேன்.

அதன்பிறகு கொஞ்சம் நேரம் சத்தமாக இருந்தது. அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார், அழுது முடித்துவிட்டு என்னைத் திட்டினார், திட்டி முடித்துவிட்டுத் தன் பிளாஸ்க்கைத் தேடினார். ஆட்டோ தம்பி ஐஸ் பெட்டிக்காரனிடம், ஆள் உயிரோடு வந்துவிட்டது என்று போனில் விளக்கிக்கொண்டிருந்தான், அவன் நம்பவில்லை போலிருந்தது. மூலைவீட்டுப் பெரியவர் மட்டும் காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். என் போன் மறுபடி அடித்தது. கடப்பாக்கத்து அண்ணன். என்னால் எடுக்க முடியவில்லை. அவளே வாங்கிப் பேசினாள். "அண்ணா, நான்தான்," என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆம்பிளை தேம்புவது எனக்கே கேட்டது. அவள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டு நின்றாள். ஒண்ணுமில்லண்ணா, வீட்டுக்குத் திரும்பு என்று சொல்லி வைத்தாள்.

எல்லாரும் போனபிறகு, வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பில்லாத காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

"வூடு நல்லாவே சொல்லிச்சு," என்றாள். குரலில் கோபமே இல்லை, வெறும் அசதி. "ஒருநாள் கோலம் இல்லன்னா செத்துட்டேன்னு எடுத்துக்கறாங்க. அவங்க மேல தப்பு இல்ல. அத போடறப்ப மட்டும்தான் என்ன பாத்திருக்காங்க."

கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் அவள் போன். அந்த அனுப்பாத செய்தி அதற்குள் இருந்தது.

நான் உள்ளே போய்க் கோலமாவு டப்பாவை எடுத்து வந்தேன். மணி ஒன்பது. பளீரென்ற வெயில். கோலம் போடுகிற நேரமே இல்லை. ஐந்தரைக்கு இருபத்திரண்டு பேர்தான் பார்ப்பார்கள் என்று பயந்தவன் நான். இப்போது தெரு முழுக்க, ஆண் பெண் அத்தனை பேரும், திகைப்பு அடங்காமல் வாசலில் நின்று எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கலாம் என்று குனிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஐந்து ஐந்தாக ஐந்து வரிசை புள்ளி வைத்தேன். கம்பெனியில் ஒரு முடியளவு பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண்தான், ஆனால் ஐந்தாவது வரிசை ஒரு சாண் தள்ளிப் போய்விட்டது. மாவு விரலிடுக்கில் சீராக விழாமல், ஒரு இடத்தில் குவிந்தது, ஒரு இடத்தில் வரவேயில்லை. இடுப்பு உண்மையாகவே வலித்தது. முதன்முறையாகப் பொய்யில்லாத வலி.

"தம்பி, அந்த புள்ளிய வுட்டுட்ட. சுத்திகினு வா," என்று எதிரிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். சுற்றிக்கொண்டு வந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் நன்றாக இருக்கும் என்று ஏங்கிய ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

முடித்து நிமிர்ந்தபோது அவள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து, கெந்திக்கொண்டே வந்து, கோலத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். எந்த அறையையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள் என்று நினைக்கிறேன், அவசரமில்லாமல், ஒவ்வொரு மூலையாக.

"ரூமா இருந்தா ஆள் வுட மாட்டேன்," என்றாள்.

திரும்பிப் போய் உட்கார்ந்து போனை எடுத்தாள். கட்டைவிரல் நகர்வதைப் பார்த்தேன். எதையோ அழித்தாள். எதையோ எழுதினாள். எனக்குக் கை முழுக்க மாவு, வியர்வையில் பிசுபிசுத்தது.

"அனுப்பிட்டேன்," என்றாள்.

என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"நாளைக்கும் அஞ்சு மணி வேன்தான். மாவு தீரப்போவுது, வாங்கியா. அப்புறம் அந்த செருப்பு எங்க கீதுன்னு பாரு, யோவ்."

தெருமுனைவரை போய்ச் செருப்பைத் தேடி எடுத்து வந்தேன். அதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தாள், வாயை லேசாகத் திறந்துகொண்டு. நாற்காலியின் ஈரம் சேலையில் ஏறியிருந்தது. எழுப்பவில்லை. ஒரு பக்கம் வெங்காயம் பாதி உரித்துக் கிடந்தது. உட்கார்ந்து மீதியை உரித்தேன்.

அன்று சாயங்காலம் ஃப்ரிட்ஜின் முன்னால் பென்சிலும் ரப்பருமாக அவள் ரொம்ப நேரம் நின்றாள். நானே கறுப்படித்துக்கொண்ட வட்டங்களையெல்லாம் அழித்தாள். வாசலுக்கு நேராகக் கால் வட்டம் போட்டாள். என் தீபாவளி வேலைகளில் ஐந்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டையும் தண்ணீர் பிடிப்பதையும் என் பக்கம் தள்ளினாள். எண்ணிப் பார்த்தால் இப்போதும் பதினான்கு, பதினான்குதான். நாற்காலி கழுவும் வேலையையும் தன் பக்கம் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறாள். அதை நான் தொடக்கூடாது.

அவளுக்குக் குதிகால் வலி இன்னும் இருக்கிறது. எனக்குத் தூக்கம் போதவில்லை. ஐந்து மணிக்கு எழுந்தால் மதிய ஷிஃப்ட் முடிவதற்குள் கண் சொக்குகிறது, இரண்டு நல்ல துண்டுகளைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு மேலாளரிடம் திட்டு வாங்கினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் களைத்துப்போகிற வீட்டில் யார் யாருக்கு டீ போடுவது என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. கேட்டால், முதலில் எழுந்திருப்பவர் என்கிறாள். நாங்கள் இருவரும் எழுந்திருக்காமல் கிடந்து பார்த்திருக்கிறோம்.

போன மாதம் வாசலுக்கு அரை வட்டம் ஆக்கினாள். கூட ஆள் நின்றால் செய்வான் என்று அதற்குப் பொருள். கூட நிற்பது எதிர்வீட்டு அக்கா. தினமும் ஐந்தரைக்குத் தன் வாசலிலிருந்தே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கோணலாத்தான் கீது, அப்ப அவ நல்லாத்தான் கீறா," என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார்.